‘வந்து’ பிடிக்கிற பெரியப்பா

உலகத்தில் நேர்காணலுக்குப் போகிறவர்கள் ஒரு வகை. நேர்காணல் நடத்துகிறவர்கள் இன்னொரு வகை. இரண்டிலும் சேராத மூன்றாவது வகை ஒன்று உண்டு: போகிறவர்களைத் தயார்செய்து அனுப்புகிறவர்கள். இவர்களைத் தேடி நீங்கள் அலைய வேண்டாம். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ‘நேரில் வரவும்’ என்று ஒரு தகவல் வந்தால் போதும். எப்படித்தான் மூக்கில் வியர்க்குமோ, மறுநாள் காலையில் செருப்பை வாசலில் உதறிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “எங்கே, பிள்ளையைக் கூப்பிடு” என்பார்கள். நீங்கள் அழைத்தீர்களா? இல்லை. அழைக்காதது உங்கள் தவறு.

எனக்குத் தெரிந்தவர் ஒரு பெரியப்பா. எனக்குப் பெரியப்பா அல்ல, எங்கள் மாடி வீட்டுப் பெண்ணுக்கு. ஆனாலும் பார்க்கிறவர்களுக்கெல்லாம் பெரியப்பா ஆகிவிடுவது அவர் சுபாவம். அவர் தம் வாழ்நாளில் போன நேர்காணல் ஒன்றே ஒன்று. அதில் கேட்ட கேள்விகள் இரண்டு: “பேர் என்ன?”, “சைக்கிள் ஓட்டத் தெரியுமா?” தெரியும் என்றார், வேலை கிடைத்தது, ஓய்வு பெறும்வரை ஒரே நாற்காலியைத் தேய்த்தார். இது அவர் மனைவி சொல்லி நமக்குத் தெரியும். அவர் சொல்லும் நேர்காணலோ வளர்ந்துகொண்டே போகிறது. முதலில் எதிரே ஒருவர் இருந்தார். பிறகு மூவர் ஆனார்கள். போன வாரம் கேட்டபோது ஏழு பேர் வரிசையாக உட்கார்ந்து, மாற்றி மாற்றி மடக்கப் பார்த்து, முடியாமல், கடைசியில் எழுந்து நின்று கைகொடுத்திருந்தார்கள்.

இந்த இனத்தில் ஆளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒருவர் ஷூ பளபளப்பே எல்லாம் என்பார். இன்னொருவர் கைகுலுக்கும்போது எவ்வளவு அழுத்த வேண்டும் என்று உங்கள் விரலை நசுக்கிக் காட்டுவார். நம் பெரியப்பாவுக்கு எதிரி ஒரே ஒரு சொல்.

“நாம வந்து, பேசும்போது ‘வந்து, வந்து’ன்னு இழுக்கக்கூடாது. அது வந்து, தன்னம்பிக்கை இல்லாதவன் பேச்சு. புரிஞ்சுதா?”

புரிந்தது. ஊருக்குத்தான் உபதேசம்.

மாடி வீட்டுப் பெண் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை பார்த்தவள். கைராசிக்காரி, ரத்தம் எடுக்க அவள் ஊசி குத்தினால் குழந்தைகள்கூட அழுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்கும். அந்த நிலையத்தை மூடிவிட்டார்கள். வேலை போனதைவிட அவளை அதிகமாகத் தின்றது, வருகிறவர் போகிறவரெல்லாம் கேட்ட கேள்வி: “என்னம்மா, இன்னும் சும்மாத்தான் இருக்கியா?” தண்ணீர் பிடிப்பது, துணி துவைப்பது, அப்பாவின் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவது, தம்பி சட்டைக்குப் பொத்தான் தைப்பது, எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த வீட்டில் ஒரே பெயர்: சும்மா. ஆகவே பெரிய மருத்துவமனையின் ஆய்வகத்திலிருந்து அழைப்பு வந்த அன்று அவள் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேவிட்டாள். நான் பார்த்தேன், எனக்கும் என்னவோ செய்தது. பெரியப்பாவும் பார்த்தார். அதுதான் வினை.

பயிற்சி தொடங்கியது. உபகரணங்கள்: ஒரு டம்ளர், ஒரு கரண்டி.

“உன்னைப் பத்தி சொல்லு.”

“நான் வந்து...”

டிங்!

“நான் லேப்ல வேலை பாத்தேன். அப்புறம்...”

டிங்!

“பெரியப்பா, நான் இன்னும் சொல்லவே இல்லையே!”

“வாயைப் பாத்தாலே தெரியுது, வரப்போகுதுன்னு.”

ஒரே வாரத்தில் அந்த வீட்டின் பேச்சு மாறிப்போனது. “சாப்பிட வந்து உக்காரு” என்று அம்மா சொன்னால் டிங். “வாசல்ல யாரோ வந்து நிக்கறாங்க” என்று அப்பா சொன்னால் டிங். “இனிமே நம்ம வீட்டுக்கு யாரும் வரமாட்டாங்க, ஆஜராவாங்க” என்றான் தம்பி. பெண்ணோ கெட்டிக்காரி, சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்கிறவள். ‘வந்து’ போனது, அதன் பின்னாலேயே ‘வந்தேன்’ போனது, ‘வருகிறேன்’ போனது. மழை வரும்போல் இருந்தாலும் அவள் “பெய்யும்போல இருக்கு” என்றாள். பெரியப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

நேர்காணல் அன்று காலை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, “போறேம்மா” என்றாள்.

அம்மா ஓடிவந்து வழியை மறித்தாள். “நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது என்னடி பேச்சு? போயிட்டு வரேன்னு சொல்லு!”

பெண் பெரியப்பாவின் கையைப் பார்த்தாள். கையில் கரண்டி இருந்தது. “போயிட்டு... திரும்பிடறேம்மா.”

அங்கே நடந்ததை அவளே பிறகு என்னிடம் சொன்னாள். உள்ளே இருவர்: தலைமை மருத்துவர் அம்மாள் ஒருவர், நிர்வாக அதிகாரி ஒருவர்.

“உக்காரும்மா. எதுல வந்தீங்க?” என்று மருத்துவர் சாதாரணமாகக் கேட்டார்.

“பஸ்ல ஏறினேன் மேடம். இறங்கினேன். இருக்கேன்.”

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

நல்லவேளை, பேச்சு வேலைப் பக்கம் திரும்பியது. நரம்பே தட்டுப்படாத கிழவர் வந்தால் என்ன செய்வாய், கையைக் காலை உதறும் குழந்தையை எப்படிச் சமாளிப்பாய் என்று கேட்டார்கள். ரத்தக் குப்பியில் பெயர்ச்சீட்டு மாறியிருக்குமோ என்று சந்தேகம் எழுந்தால்? “ஊகிக்க மாட்டேன் மேடம். திரும்பக் கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்டு, மறுபடி எடுப்பேன்” என்றாள். அந்தப் பாடமெல்லாம் பெரியப்பா எடுக்காதது. அதனால் பிழையில்லாமல் இருந்தது. மருத்துவரின் முகம் மலர்ந்தது. அப்போது பார்த்துத் தேநீர் வந்தது.

“எங்களுக்குத் திருப்திம்மா. திங்கக்கிழமை வந்து சேர முடியுமா?” என்றபடியே மருத்துவர் சர்க்கரையைக் கலக்கினார்.

டிங்.

வாய் பூட்டிக்கொண்டது. ‘சேர்கிறேன்’ என்று சொல்லித் தொலைக்கக் கூடாதா என்கிறீர்களா? சாய்ந்து உட்கார்ந்து படிக்கிறவர்களுக்கு எல்லாம் தோன்றும். அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. வேலை எதிரே நிற்கிறது, கையை நீட்டினால் போதும், நாக்கு நீளமாட்டேன் என்கிறது.

“என்னம்மா யோசிக்கறீங்க? வேற இடத்துல சொல்லியிருக்கீங்களா?” என்றார் அதிகாரி. “இஷ்டமில்லைன்னா பரவாயில்லை. வெளியே இன்னும் ஆள் இருக்காங்க.” மணியை அழுத்தக் கை போனது.

அந்தக் கையைப் பார்த்ததும், தான் திரும்பிப் போகப்போகும் தெருவும், அதில் ஒவ்வொரு வாசலிலும் காத்திருக்கும் ‘சும்மாத்தான் இருக்கியா’வும் அவள் கண்முன் வரிசையாக நின்றன. அடக்கி வைத்ததெல்லாம் அணை உடைந்து பாய்ந்தது.

“ஐயோ, வந்து... அது வந்து மேடம்... வந்துடறேன் மேடம்! கண்டிப்பா வந்துடறேன்!”

மருத்துவர் சிரித்துவிட்டார். “அப்பாடா, இப்பத்தான் மனுஷி மாதிரி பேசறீங்க. வந்து, முதல் நாள் மட்டும் கொஞ்சம் சீக்கிரமா வந்துடுங்க.”

வேலை கிடைத்த செய்தி கேட்டுப் பெரியப்பா மார்பைத் தட்டிக்கொண்டார். “நான் வந்து என்ன சொன்னேன்? எல்லாம் வந்து, பயிற்சிதான்!” பெண் அவர் கையிலிருந்த கரண்டியை வாங்கி டம்ளரில் இரண்டு தட்டுத் தட்டினாள். “யாருக்கு டீ?” என்று கேட்டார் பெரியப்பா. இப்போது அவர் எதிர்வீட்டில் இருக்கிறார். அங்கே பையனுக்கு அழைப்பு வந்திருக்கிறதாம்.

நல்லகாலம், நம் வீட்டில் இப்படி யாரும் இல்லை என்று பெருமூச்சு விடுகிறீர்கள். வந்து, ஒன்றே ஒன்று கேட்கிறேன். இத்தனை நேரம் படித்துக்கொண்டு வந்தீர்களே, எத்தனை ‘வந்து’ என்று மனத்துக்குள் எண்ணினீர்களா? இப்போது நான் சொன்னதையும் பிடித்துவிட்டீர்களா?

அந்தக் கரண்டியைக் கீழே வையுங்கள்.