எவாரிஸ்த் முனை பிறந்த விவரம்

சாந்த் ரோஸ்,
ரீயூனியன் தீவு.

மரியாதைக்குரிய மச்சான் கஸ்தோன் அவர்களுக்கு, உங்கள் தங்கை மர்லேனின் கணவன் லெயோன்ஸ் எழுதிக்கொள்வது. நாங்களும் கோழிகளும் சுகம். லீல் நகரத்துக் குளிரில் உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

போன முறை வந்தபோது நம் எரிமலையைப் பார்த்து, "இது மலையா, கவுத்து வச்ச தட்டா?" என்று கேட்டீர்களே, அந்தத் தட்டுதான் சென்ற வாரம் பிளந்தது. நம் மலை தலை வெடித்து அட்டகாசம் செய்கிற ரகம் இல்லை. விலாவில் ஒரு வெடிப்பு விட்டு, பெரிய மனிதர் படியிறங்குவது மாதிரி நிதானமாக இறங்கும். அப்படி இறங்கிய நெருப்புக் குழம்பு, இத்தனை காடு இருக்க, நேராக உங்கள் தகப்பனார் எவாரிஸ்த் நட்ட வனிலாத் தோட்டத்துக்கு வந்தது. மர்லேன் காய் பறிக்க ஓடினாள், நான் இழுத்தேன், அவள் என்னை அடித்தாள், கடைசியில் இருவரும் ரோட்டில் நின்று பார்த்தோம். பச்சைக் காய் என்பதால் வாசனைகூட வரவில்லை, வெறும் புகைதான். "அப்பா கொடியெல்லாம் போச்சு. உங்க மலையைத் தலையில தூக்கி வச்சு ஆடுங்க" என்றாள்.

ஆனால் மச்சான், குழம்பு அங்கே நிற்கவில்லை. ரோட்டைத் தாண்டிக் கடலில் விழுந்தது, கடல் கொதித்தது, ஆவி விலகியதும் பார்த்தால் நேற்றுவரை இல்லாத தரை, கரேலென்று, நம் தோட்டத்தைப் போல மூன்று மடங்கு. ஊரே கூடி நின்றது. "இது என் மாமனார் நிலம், நடந்து வந்து இங்க உக்காந்திருக்கு. பேரு எவாரிஸ்த் முனை" என்று அறிவித்தேன். காவலுக்கு நின்ற போலீஸ்காரம்மா, "ஐயா, கடல்ல முளைச்சது அரசாங்கத்துக்குச் சொந்தம்" என்றார். "பொறந்து ஒரு நாள் ஆகல, சூடுகூட ஆறல, அதுக்குள்ள அரசாங்கமாம்மா?" என்று கேட்டேன். அந்த வாரத்தில் முதல்முறையாக மர்லேன் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணனுக்கு எழுதுங்க. அவருக்கும் பாதி" என்றாள். அதனால் கடலோரப் பாதி உங்களுக்கு. லீலில் யாரிடமாவது இவ்வளவு புது நிலம் இருக்கிறதா, விசாரித்துப் பாருங்கள்.

உங்கள் மனைவி, என் தங்கச்சிக்கு அன்பு, பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். மாதா உங்கள் முழங்காலைக் காக்கட்டும்.

இதுவரை மச்சானும் இனிமேல் பங்காளியுமான,
லெயோன்ஸ்

பி.கு.: உறையை ஒட்டும்போது பீரங்கி வெடித்த மாதிரிச் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தோம். எவாரிஸ்த் முனை உடைந்து கடலுக்குள் போய்விட்டது. முதலில் போனது உங்கள் பாதி. மர்லேன் அழவில்லை. "மலை இன்னும் ஊத்திக்கிட்டுத்தானே இருக்கு" என்று இரண்டு நாற்காலி கொண்டுவந்து போட்டுவிட்டாள். அடுத்ததற்கு உங்கள் பெயர் வைக்கலாமா என்று கேட்கிறாள். எனக்குச் சம்மதம், இடிந்தால் நீங்கள் கோபிக்கக் கூடாது.