முழங்கால் உயரச் சுவர்

முதல் முட்டுச்சந்து வந்தபோது வரைவாளர் அதைத் தியானம் என்று சொல்லிச் சமாளித்தார்.

"இங்க கொஞ்ச நேரம் நிக்கணும் சார். கண்ணை மூடிக்கணும்."

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். முதலாளியம்மாவும் மூடிக்கொண்டார். வரைவாளரின் மனைவி மட்டும் மூடவில்லை. கணவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பழகிய முகம்தான். சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தியவனின் முகம்.

"ஏங்க," என்றாள் மெதுவாக. "இந்த மாதிரி பாதையில முட்டுச்சந்தே இருக்காதுன்னு நேத்துதானே சொன்னீங்க?"

"உஷ். தியானம் நடக்குது."

நேற்று சொன்னது உண்மைதான். இந்தப் பாதைகளில் இரண்டு வகை. புதிர்வழி என்றால் கிளை பிரியும், ஏமாற்றும், முட்டும். சுருள்பாதை அப்படியல்ல. ஒரே வழி. எத்தனை சுற்று சுற்றினாலும் கடைசியில் நடுவில் கொண்டுபோய் விட்டுவிடும். தொலைந்துபோக வழியே இல்லை. மன அமைதிக்காக நடப்பது அது.

வரைவாளர் இரண்டையும் வரைவார். வீட்டுச் சாப்பாட்டு மேஜை முழுக்க அவருடைய தாள்கள். சாப்பாடு மடியில். விடுமுறைக்கு எந்த ஊருக்குப் போனாலும் அங்கே ஒரு செடிவேலிப் புதிர்வழி தற்செயலாக இருக்கும். மற்றவர்கள் கடற்கரையில் எடுத்த படங்களைக் காட்டுவார்கள். இவர்கள் வீட்டு ஆல்பத்தில் வேலிதான். சில படங்களில் வேலிக்கு மேலே மனைவியின் கை மட்டும் தெரியும்.

அலுவலகத்திலும் அவர் சும்மா இருப்பதில்லை. கட்டடங்களுக்குப் பிளான் வரைந்து கொடுக்கும் நிறுவனம் அது. வீடு, கடை, பள்ளிக்கூடம், பூங்காவுக்கான சில்லறைக் கட்டடம், எந்தப் படமானாலும் கணினியில் அதனடியில் ரகசியமாக ஓர் அடுக்கு வைத்திருப்பார். வேலை அலுக்கும்போது அந்த அடுக்கைத் திறந்து புதிர்வழி வரைவார். அச்சுக்கு அனுப்பும் முன் அதை அணைத்துவிடுவார். அணைக்க மறந்ததே இல்லை என்பது அவர் நம்பிக்கை.

ஆனால் எல்லாம் தாளோடு சரி. இத்தனை வருஷத்தில் அவர் வரைந்த ஒன்றுகூட மண்ணில் இறங்கியதில்லை.

இப்போது ஒரு வாய்ப்பு வந்திருந்தது. நிறுவனம் ஒரு மருத்துவமனைக்குப் பிளான் போட்டுக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு முற்றம் காலியாகக் கிடந்தது. அங்கே ஒரு சுருள்பாதை போடலாம் என்று முதலாளியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"எதுக்குய்யா?"

"ஆபரேஷன் ரூமுக்கு வெளியில உட்கார்ந்திருக்கிறவங்களுக்குக் கை காலை என்ன பண்றதுன்னு தெரியாது சார். நடக்க ஒரு இடம் வேணும். வழி தேடாம நடக்கிற மாதிரி."

முதலாளி பேனாவைத் திருகிக்கொண்டே யோசித்தார்.

"எங்கயாவது ஒண்ணு இருந்தா என்னைக் கூட்டிட்டுப் போ. நடந்து பாக்கிறேன். எனக்கு ஏதாவது ஆச்சுன்னா போட்டுடலாம். ஒண்ணும் ஆகலைன்னா அங்க வண்டி நிறுத்திக்கட்டும்."

ஊருக்கு வெளியே புதிதாகத் திறந்திருக்கும் பூங்காவில் ஒரு சுருள்பாதை இருப்பதாக வரைவாளர் படித்திருந்தார்.

"நீ நடந்திருக்கியா?" என்று முதலாளி கேட்டார்.

"எத்தனையோ தடவை சார்."

ஒரு தடவைகூட இல்லை.

அன்று இரவு மனைவிக்கு அவர் ஒரு வாக்கும் கொடுத்தார். முதலாளி வேண்டாம் என்றால், தாள் அத்தனையையும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடுவதாக. அவள் அதை நம்பவில்லை என்றுதான் சொன்னாள். ஆனாலும் மேஜைக்கு ஒரு விரிப்பு வாங்கி வைத்துவிட்டாள்.

ஆக, பூங்காவுக்கு நான்கு பேரும் வந்தார்கள். மரங்களுக்குப் பின்னால் முழங்கால் உயரத்துக்குச் செங்கல் சுவர்கள் வளைந்து வளைந்து போவது தெரிந்ததுமே வரைவாளர் "அதோ!" என்று முன்னால் ஓடினார். நுழைவாசலைக் காணோம். ஓரிடத்தில் மணல்மேடு ஒன்று சுவரின் மேல்விளிம்பு வரை சரிந்து கிடந்தது.

"இதுல ஏறித்தான் உள்ள இறங்கணும் சார். பழைய முறை. பணிவு வரணும்ங்கிறதுக்காக."

முதலாளிக்குத் தொப்பை பெரிது. பணிவோடு உருண்டு இறங்கினார்.

இப்படித்தான் அந்த முட்டுச்சந்துக்கு வந்து சேர்ந்தார்கள். முதலாளி கண் திறக்கும் நேரத்தில் வரைவாளரின் சட்டைப்பையில் சேவல் கூவியது. அவருடைய போன்தான். தெரியாத எண். அவசரமாக அணைத்தார்.

"யாரு?" என்றாள் மனைவி.

"லோன் வேணுமான்னு கேக்கிறவங்க. காலையிலேருந்து விடாம அடிக்கிறாங்க."

திரும்பி வந்து வேறு பக்கம் நடந்தார்கள். அதுவும் போய் முட்டியது.

"மறுபடியும் தியானமா?" என்றார் முதலாளி.

"இது வந்து... மன்னிப்பு சார். யார்கிட்டயாவது ரொம்ப நாளா மன்னிப்புக் கேக்கணும்னு இருந்தா, இங்க கேட்டுடணும்."

முதலாளி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்லத் தன் மனைவி பக்கம் திரும்பினார்.

"உன் தம்பி கல்யாணத்துல நான் பாதியில எழுந்து வந்தது தப்புதான்."

முதலாளியம்மா அப்படியே நின்றுவிட்டார்.

"இத்தனை வருஷம் கழிச்சா?" என்றார். மூக்கை உறிஞ்சினார். "இதைக் கேக்கிறதுக்கு நான் என்ன பாடுபட்டிருக்கேன்!"

முதலாளி வரைவாளரின் தோளைத் தட்டினார். "ஏதோ ஆகுதுய்யா!"

வரைவாளருக்குக் குளிர் விட்டது. தைரியமும் வந்தது. அதுதான் வினை.

அடுத்த வளைவில் சின்னச் சின்னத் தடுப்புகளாக ஒரு வரிசை. ஒவ்வொன்றும் ஓர் ஆள் உட்காரும் அளவு. தரையிலிருந்து ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. குழாயின் வாயில் சாக்குத்துணி அடைத்திருந்தது.

"இது என்னய்யா?"

"ஆளுக்கு ஒண்ணு சார். குத்துக்காலிட்டு உட்காரணும். உள்ள இருக்கிற பாரத்தையெல்லாம் இறக்கி வெச்சுட்டு லேசா எழுந்து வரணும்."

"குழாய்?" என்றார் முதலாளியம்மா.

"பூமியோட மூச்சு மேடம். துணியை எடுத்துட்டுக் காதை வெச்சுக் கேளுங்க."

நான்கு பேரும் ஆளுக்கொரு தடுப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்கள். முதலாளியம்மா குழாயில் காது வைத்தார்.

"கடல் சத்தம் மாதிரியே இருக்கே!"

"எனக்கு எலிச் சத்தம்தான் கேக்குது," என்று பக்கத்துத் தடுப்பிலிருந்து வரைவாளரின் மனைவி சொன்னாள்.

முதலாளி வெகுநேரம் எழவில்லை. எழுந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"போட்டுடலாம்யா. ஆஸ்பத்திரியில இதே மாதிரி ஒண்ணு போட்டுடலாம். ஒரு மாத்தமும் வேணாம். சரி, பசிக்குது. வெளிய போற வழி எது?"

வாழ்நாள் முழுக்க ஏங்கிய வார்த்தை காதில் விழுந்தபோது வரைவாளர் அதை ரசிக்கும் நிலையில் இல்லை. மணல்மேடு கண்ணெதிரே தெரிந்தது. அங்கே போகும் வழிதான் தெரியவில்லை. நேராகப் போனால் பாதை விலக்கியது. விலகிப் போனால் திரும்ப இதே தடுப்புகளுக்குக் கொண்டுவந்து விட்டது.

"வலது கை வைத்தியம்," என்றார் வரைவாளர்.

"அப்படின்னா?"

"வலது கையைச் சுவர்ல வெச்சுட்டு, எடுக்காம நடந்துக்கிட்டே போனா வாசல் வந்துடும் சார்."

சுவர் முழங்கால் உயரம். கை வைக்க வேண்டுமென்றால் குனிய வேண்டும். நான்கு பேரும் ஒருவர் பின்னால் ஒருவராகக் குனிந்து, சுவரைத் தடவிக்கொண்டே போனார்கள். நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் நின்று பார்த்தார். அவருடைய நாய் சுவரைத் தாண்டிக் குதித்தது. இவர்களை ஒரு தடவை பார்த்தது. மறுபக்கம் தாண்டிப் போய்விட்டது.

சுற்றி முடித்தபோது மறுபடியும் அதே குழாய், அதே சாக்குத்துணி.

"இடது கையால பாக்கலாம்."

இடது கையும் அங்கேயேதான் கொண்டுவந்து விட்டது. சேவல் மறுபடி கூவியது. வரைவாளர் அதன் கழுத்தைத் திருகுவதுபோல் பொத்தானை அழுத்தினார்.

முதலாளி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "எதுக்குய்யா இந்தப் பாடு? ஒரு எட்டு வெச்சா தாண்டிடலாம்!" என்று காலைத் தூக்கினார்.

"தாண்டக்கூடாது சார்!" தன்னையறியாமல் கத்திவிட்டார் வரைவாளர். சுவர் தாண்டுபவர்களை ஆயுள் முழுக்க வெறுத்த மனிதர் அவர். "தாண்டினா... தாண்டினா இதுவரைக்கும் கிடைச்ச பலன் அத்தனையும் போயிடும்."

முதலாளியம்மா பாய்ந்து வந்து கணவனின் கையைப் பிடித்தார்.

"காலைக் கீழ வைங்க! நீங்க தாண்டினீங்கன்னா அந்த மன்னிப்பு செல்லாது!"

"அதான் கேட்டாச்சே!"

"செல்லாதுங்கிறேன்ல?"

முதலாளி காலைக் கீழே வைத்தார். வேறு வழியில்லை. ஒரு குழந்தைகூட ஏறி இறங்கிவிடும் சுவருக்குள் நான்கு பெரிய மனிதர்கள் அடைபட்டுக் கிடந்தார்கள். வெயில் ஏறியது. முதலாளியின் தெளிந்த முகம் திரும்பக் கலங்க ஆரம்பித்தது.

"நீ எத்தனையோ தடவை நடந்ததாச் சொன்னியே?"

வரைவாளர் மனதுக்குள் கணக்குப் போட்டார். முற்றம் போகிறது. தாள்கள் போகின்றன. மேஜைமேல் விரிப்பு விரிகிறது. யார் மேலாவது பழியைப் போட்டே ஆக வேண்டும். அங்கே இல்லாத ஆள் ஒருவன்தான் மிச்சம்.

"பாதை பழைய மாதிரி இல்ல சார். யாரோ கைவெச்சுக் கெடுத்திருக்காங்க. வரைஞ்சவனுக்கு அரிச்சுவடியே தெரியல. எங்க திருப்பணும், எங்க மூடணும்னு ஒரு கணக்கு வேணாம்? குடிச்சுட்டு வரைஞ்ச மாதிரி இருக்கு."

"ஏங்க," என்று மனைவி அவர் சட்டையை இழுத்தாள். "அந்த மூலையில கொக்கி மாதிரி ஒரு வளைவு இருக்கு பாருங்க. நம்ம மேஜையில பார்த்த மாதிரி இல்ல?"

"நான் போட்ட வளைவா இருந்தா எனக்குத் தெரியாதா? பெத்த பிள்ளையை அடையாளம் தெரியாதா? இது அவ்வளவு கோணல்!"

"கோணல்தான்," என்றார் முதலாளி. வெயில் அவர் தலையில் நேராக இறங்கியது. "இவன் மட்டும் என் ஆபீஸ்ல இருந்தான்னா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

"அனுப்பித்தான் ஆகணும் சார்," என்றார் வரைவாளர், மனப்பூர்வமாக.

"யாருங்க அது உள்ள?"

மரத்தடியிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். கையில் காலிச் சாப்பாட்டு டப்பா. முழங்கை வரை சிமெண்ட்.

"அந்தப் பக்கம் பூச்சு இன்னும் காயலைங்க. மிதிச்சுடாதீங்க. யாரைத் தேடி வந்தீங்க?"

"நாங்க சுருள்பாதையில நடக்க வந்திருக்கோம்," என்றார் முதலாளியம்மா.

"கூழாங்கல்லுப் பாதைங்களா? அது குளத்துக்கு அந்தப் பக்கம் இருக்குங்களே. போர்டுகூட வெச்சிருக்கு."

முதலாளி மிக மெதுவாகக் கேட்டார்.

"அப்போ இது?"

"இது நான் எடுத்துக் கட்டுற வேலைங்க. நான் மேஸ்திரி. பிளான்ல இருக்கிற கோடு ஒண்ணு விடாமக் கட்டிட்டேன். எங்க தொழில்ல அப்படித்தான், கோடு இருந்தா சுவர் இருக்கணும். ஆனா இப்படி ஒரு பிளானை நான் கண்டதில்லைங்க. சின்ன வேலைன்னு ஒத்துக்கிட்டேன். செங்கல் போதாம மூணு லோடு கூட இறக்கியாச்சு."

"யாரு போட்ட பிளான்?"

"அவரைத்தாங்க நானும் தேடறேன். ஒரு சந்தேகம் கேக்கணும். பிளான்லயே நம்பர் இருக்கு, காலையிலேருந்து போடறேன், மனுஷன் எடுத்தாத்தானே?"

"போடு," என்றார் முதலாளி. கையை நீட்டினார். "இப்பப் போடு. நான் பேசறேன் அவன்கிட்ட."

மேஸ்திரி விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

வரைவாளரின் சட்டைப்பையில் சேவல் கூவியது.

வரைவாளர் அதை அணைக்கவில்லை. கூவி முடிக்கட்டும் என்று நின்றார். அணைக்காமல் விட்ட ஓர் அடுக்கு நினைவுக்கு வந்தது. ஒரு சாயங்காலம், அவசரம், அச்சுக்கு அனுப்பிவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடியது. முதலாளி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள்கள் குலுங்கின. வரைவாளர் குனிந்து அந்தக் கொக்கி வளைவைப் பார்த்தார். இப்போது பார்த்தால் அது அவ்வளவு கோணலாகத் தெரியவில்லை. வரைந்ததில் ஒன்று, எப்படியோ மண்ணில் இறங்கிவிட்டது.

மேஸ்திரியின் முகம் மலர்ந்தது. மணல்மேட்டில் ஏறி நின்று, கும்பிட்டுவிட்டுக் கேட்டார்.

"அட, நீங்கதானா சார்! நேர்லயே வந்துட்டீங்க, ரொம்ப நல்லதாப் போச்சு. கொஞ்சம் சொல்லுங்க சார், இந்தக் கக்கூஸுக்கு வாசல் எங்க?"