விழுது டாக்கீஸில் சொன்ன சம்மதம்

ஒரு காட்டில், மதியம் இரண்டரை மணிக் காட்சிக்கு ஒரு தேவாங்கு காலை ஆறு மணிக்கே புறப்பட்டான். திரையரங்கம் ஒன்றும் தொலைவில் இல்லை. இரண்டு மரம் தள்ளி. தேவாங்கு நடைக்கு அது தூரம்தான்.

அவன் பெயர் சடையாண்டி. மரப்பொந்துப் பதிவு அலுவலகத்தில் எழுத்தர். பொந்துக்குப் பட்டா கேட்டு வருகிறவர்கள் மனுவைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். சடையாண்டி அதை வாங்கி, வரிசை எண் போட்டு, முறைப்படி கவனித்து, ஆறு மாதம் கழித்துப் பதில் அனுப்புவான். பன்னிரண்டு வருடமாக அங்கே வேலை பார்க்கிறான். அவன் மெதுவானவன் என்று அலுவலகத்தில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

தேவாங்குகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்லக் கூடாது. சொன்னால் கேட்டவரை மதிக்கவில்லை என்று அர்த்தம். கேள்வியை உள்ளே வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, அப்புறம்தான் வாய் திறக்க வேண்டும். சின்னக் கேள்விக்குக் கால் மணி நேரம். பெரிய கேள்விக்கு அதன் அளவுப்படி. இன்னொன்று. கேள்வி வந்த வரிசையில்தான் பதில் போக வேண்டும். பின்னால் வந்ததற்கு முன்னால் பதில் கொடுப்பது அவன் வீட்டிலும் கிடையாது, அலுவலகத்திலும் கிடையாது.

அவன் பார்க்கப் போனது ஓர் அணிலை. பெயர் செண்பகவடிவு. கூரியர் கடை வைத்திருக்கிறாள். அணில்களின் வழக்கம் வேறு. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும். வராவிட்டால் இல்லை என்று பொருள்.

இரண்டு பேரையும் சேர்த்து வைத்தது கைபேசி. 'கூடு பொருத்தம்' என்று ஒரு செயலி. அதில் சேர அறுபத்திரண்டு கேள்விக்குப் பதில் நிரப்ப வேண்டும். சடையாண்டிக்குப் பதினோரு மாதம் பிடித்தது. நடுவில் நான்கு தடவை 'நேரம் முடிந்தது' என்று சொல்லி எல்லாவற்றையும் அழித்துவிட்டது. நான்கு தடவையும் முதலிலிருந்து நிரப்பினான். கடைசியில் வடிவின் படத்தைக் காட்டி விருப்பமா என்று கேட்டது. மனம் அந்த நொடியே விருப்பம் என்றது. விரல் போய்ச் சேர மூன்று நாள்.

வடிவு அனுப்பும் செய்திக்கெல்லாம் மறுநாள்தான் பதில் வரும். அரசாங்க உத்தியோகம், வேலை அதிகம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். இரண்டுமே மரம் ஏறுகிற இனம் என்பதால் வீட்டிலும் பெரிய தகராறு இல்லை.

நாள்தான் இல்லை. மலையணில் வீட்டார் மறுநாள் காலை தாம்பூலத் தட்டோடு வருவதாக இருந்தது. அந்த மாப்பிள்ளைக்கு மூன்று பலாமரம் சொந்தம். வடிவு சுற்றி வளைக்காமல் சடையாண்டியிடம் சொல்லிவிட்டாள். படம் முடிவதற்குள் நேரில் ஒரு வார்த்தை வேண்டும். சரி என்றால் தட்டைத் திருப்பி அனுப்பிவிடுவாள். இல்லை என்றால் பலாமரம்.

சடையாண்டி பகலில் தூங்குகிற இனம். இருந்தும் மேட்னிக்கு ஒத்துக்கொண்டான். அதிலிருந்தே அவன் மனசு அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

விழுது டாக்கீஸை நடத்துவது ஒரு வௌவால் குடும்பம். ஆன்லைனில் சீட்டு எடுத்தவர்களுக்குத் தனி வரிசை உண்டு. எல்லோரும் ஆன்லைனில் எடுத்திருந்ததால் அந்த வரிசை ஆற்றங்கரை வரை நின்றது. கவுன்டரில் ஒருவரும் இல்லை. 'ஆன்லைனில் எடுக்கவும்' என்று அங்கே பலகை தொங்கியது.

உள்ளே போய் உட்கார்ந்தார்கள். விளக்கு அணைந்தது. சடையாண்டியின் கண் இரண்டும் எரிய ஆரம்பித்தன. தேவாங்குக் கண் அப்படித்தான், இருட்டில் தட்டு அகலத்துக்கு மின்னும்.

பின் வரிசையில் ஒரு கரடியார். போனை அணைக்கச் சொன்னார். அது போன் இல்லை, இவருடைய கண் என்று வடிவு திரும்பி விளக்கினாள்.

"அப்ப கண்ணை அணைக்கச் சொல்லும்மா. நானும் காசு குடுத்துத்தான் வந்திருக்கேன்."

நியாயமாகப் பட்டது. சடையாண்டி ஒரு கண்ணை மூடினான். மூடிய கண் பக்கம்தான் வடிவு உட்கார்ந்திருந்தாள். முதல் சந்திப்பிலேயே கண்ணடிக்கிறானே என்று அவள் வாலைப் புசுபுசுவென்று விரித்தாள். அவனுக்குக் காரணம் விளங்கவில்லை.

படம் ஆரம்பித்தது. ஒரு புலி ஏழை வண்டிக்காரனாக நடித்தது. ஓர் ஆட்டுக்குட்டியைக் காதலித்தது.

சோளப்பொரி வாங்கவா என்று வடிவு கேட்டாள். சடையாண்டி கேள்வியை வாங்கிக்கொண்டான். சோளப்பொரி தின்றால் அவனுக்கு வயிறு சரிப்படாது. அதை மரியாதையாக எப்படிச் சொல்வதென்று யோசித்தான். பதில் வராததால் அவள் வாங்கவில்லை.

கால் மணி நேரம் போனது. வடிவு அவன் பக்கம் சாய்ந்தாள். குரல் இறங்கியிருந்தது.

"எங்கம்மாவுக்கு நான் ஒருத்திதான். கல்யாணத்துக்கப்புறம் அவங்க நம்மகூட இருக்கலாமா?"

முதல் பதில் அப்போதுதான் தயாராகி நின்றது.

"மன்னிச்சுக்குங்க. எனக்கு ஒத்துக்காது. வயித்தைப் புரட்டும்."

வடிவு சட்டென்று நிமிர்ந்தாள். சோளப்பொரி என்றால் இவளுக்கு உயிர் போலிருக்கிறது என்று சடையாண்டி எடுத்துக்கொண்டான். அடுத்த கேள்விக்குப் போனான். அவளுடைய அம்மா. அவன் பொந்து பெரியது. அதில் அவன் குரலைத் தவிர வேறு குரல் கேட்டு வெகுகாலம் ஆகிறது. அதுவும் அடிக்கடி கேட்பதில்லை. இதை நினைக்க நினைக்க நல்ல பதிலாக வந்தது.

இடைவேளை விட்டார்கள். அதுவரை ஆட்டுக்குட்டி உயிரோடுதான் இருந்தது.

இடைவேளை முடிந்து வெகுநேரம் படம் ஓடியது. அப்புறம் வடிவு மனதைத் தேற்றிக்கொண்டு, திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"உங்களுக்கு வேற எந்தப் பொண்ணோடயாவது பழக்கம் இருக்கா?"

"அதுக்கென்னங்க, தாராளமா. கூடவே வச்சுக்குவோம். வீடு நிறைஞ்ச மாதிரி இருக்கும்."

கரடியார் படத்தை விட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

வடிவின் மீசை துடித்தது. சடையாண்டி அதைச் சந்தோஷம் என்று நினைத்தான். அடுத்தது வேறு பெண். எளிதான கேள்வி. இருந்தாலும் கால் மணி நேரம் கால் மணி நேரம்தான். அதற்குள் புலி பாட்டுப் பாடி, சண்டை போட்டு, சிறைக்குப் போய்த் திரும்பி வந்தது. திரையில் கல்யாணப் பந்தல் போட்டார்கள். படம் முடியப் போகிறது.

வடிவு அவனை நேராகப் பார்த்தாள்.

"கடைசியாக் கேட்கிறேன். என்னைக் கட்டிக்கச் சம்மதமா?"

"சேச்சே. அப்படி ஒரு நினைப்பே எனக்கு வந்ததில்லைங்க."

வடிவு எழுந்தாள். இரண்டு தாவலில் வாசலைத் தாண்டிவிட்டாள். கரடியார் சடையாண்டியின் தோளில் ஒரு தட்டுத் தட்டி, "நல்லா வருவே தம்பி" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். கூட்டமும் போனது.

சடையாண்டி எதையும் கவனிக்கவில்லை. வடிவின் படத்தைப் பார்த்த நாள் முதல் அவன் தயாரித்து வைத்த பதில் இப்போது உள்ளிருந்து கிளம்பியிருந்தது. ஒவ்வொரு சொல்லையும் சரிபார்த்துக்கொண்டிருந்தான். முகம் திரைப் பக்கம். கழுத்தைத் திருப்ப அவனுக்கு ஐந்து நிமிடம் வேண்டும். பதிலைத் தாமதிக்க வேண்டாம் என்று திருப்பாமலே இருந்தான்.

அரங்கைக் கூட்டுகிற பெண் துடைப்பத்தோடு வந்தாள். வௌவால். பெயர் இருளாயி. பதினைந்து வருடமாக நாளுக்கு நான்கு காட்சி கூட்டுகிறாள். ஒருவரும் அவள் முகத்தைப் பார்த்து ஒரு சொல் சொன்னதில்லை. அவன் பக்கத்து நாற்காலியில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

"படம் முடிஞ்சிருச்சு. எந்திரிச்சுப் போறீங்களா?"

"சம்மதம்ங்க. நான் எப்பவோ முடிவு பண்ணிட்டேன். நீங்க பக்கத்துல இருந்தாப் போதும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

துடைப்பம் கீழே விழுந்தது.

சடையாண்டி கழுத்தைத் திருப்பி முடித்தபோது ஒரு வௌவால் இறக்கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று அவனுக்கு உறைக்கத் தொடங்கியது.

அந்த நேரம் வடிவு திரும்பி ஓடிவந்தாள். வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு யானை தன் வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டுப் போயிருந்தது. ஸ்கூட்டரை எடுக்க வழியில்லை. நின்ற இடத்தில் அவளுக்கு யோசிக்க நேரம் கிடைத்திருக்கிறது. மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினாள். சோளப்பொரிக்குச் சொன்னது அம்மாவுக்குப் போய்விட்டது. அம்மாவுக்குச் சொன்னது வேறு பெண் கேள்விக்குப் போய்விட்டது. தன் புத்தியைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும் என்றாள்.

"இனி நான் ஒண்ணும் கேட்கமாட்டேன். நீங்க நிதானமாச் சொல்லுங்க. நான் இங்கயே உட்கார்ந்திருக்கேன்."

உட்கார்ந்தாள். வாலைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். ஓர் அணில் அசையாமல் கால் மணி நேரம் உட்கார்ந்தது அந்தக் காட்டில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

சடையாண்டிக்கு இப்போது எல்லாம் புரிந்தது. அந்தச் சம்மதத்தை மறுபடி ஒரு முறை சொன்னால் போதும். நடுவில் இருளாயியின் கேள்வி நின்றது. அதைத் தாண்டிப் போகப் பார்த்தான். அவன் வம்சத்தில் யாரும் துணியாத காரியம். வாயைத் திறந்தான். வரிசையில் முன்னால் நின்றது வெளியே வந்தது.

"மனசு வரலைங்க."

வடிவு சுருட்டிய வாலைப் பிரித்துக்கொண்டு எழுந்தாள். நேரில் வந்து சொன்னதற்கு நன்றி என்று சொல்லிவிட்டு, நடந்தே வெளியே போனாள். தாவவில்லை.

அது உங்களுக்குச் சொன்ன பதில் இல்லை என்று அவன் சொல்லி முடித்தபோது அரங்கில் அடுத்த காட்சிக்கு ஆள் ஏறிக்கொண்டிருந்தார்கள். விடவில்லை. அங்கிருந்து அவள் மரத்துக்கு நடந்தான். ராத்திரியெல்லாம் நடந்து, வாழ்நாளிலேயே வேகமாக நடந்து, மறுநாள் மதியம் போய்ச் சேர்ந்தான். பலாச்சுளை கொடுத்தார்கள். காலையிலேயே தட்டு மாற்றியாகிவிட்டது.

வடிவு வந்து சொன்னதைக் கேட்க நிற்காமல் வீட்டுக்குப் பறந்திருந்த இருளாயி, சம்மதம் கேட்ட அன்றே கல்யாணப் பேச்சை எடுத்துவிட்டாள். பேசினால் பேச்சு மாறாத ஆள், அரசாங்க வேலை, கண்ணும் நன்றாக இருக்கிறது என்றாள். அவள் அண்ணன்மார் நால்வர் வந்து அலுவலகத்தில் தலைகீழாகத் தொங்கினார்கள். கல்யாணம் விழுது டாக்கீஸிலேயே, காலைக் காட்சிக்கும் மேட்னிக்கும் நடுவில். கரடியார் முன் வரிசையில் இருந்தார். புரோகிதர் கொக்கு, மாப்பிள்ளைக்குச் சம்மதம்தானே என்று முறைக்காக ஒரு வார்த்தை கேட்டார். கேட்டுவிட்டுத் தாலியை எடுத்துக் கொடுத்துவிட்டார். மேட்னிக்கு நேரமாகிவிட்டது.

பெரிய கேள்வி. அவசரப்பட முடியாது. சடையாண்டி யோசித்துக்கொண்டிருக்கிறான். இது நடந்து ஆறு வருடம். மூத்தவன் பள்ளிக்கூடம் போகிறான்.

நீதி: கல்யாணத்துக்குச் சம்மதம் அவசியம். யாருக்குச் சொன்ன சம்மதம் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பது அவ்வளவு அவசியமில்லை.