ஜேட் செடிக்கு மஞ்சள் தடவின கதை

அழுகிப்போன ஜேட் செடியைக் காப்பாத்தணும். அன்னிக்கு எனக்கு இருந்த வேலை அவ்வளவுதான்.

"ஒண்ணுமே செய்யாம விட்டாலே வளரும்மா"ன்னு சொல்லித்தான் நர்சரிக்காரர் குடுத்தாரு. ஒண்ணும் செய்யாம இருக்கறது எனக்கு வராதே! காலையில ஒரு சொம்பு, சாயந்திரம் ஒரு சொம்புன்னு ஊத்தி, அடித்தண்டைக் கொழகொழன்னு ஆக்கி வெச்சேன்.

மேல கொஞ்சம் கிளைங்கதான் நல்லா இருந்துது. அதை வெட்டி, வெட்டின முனை காயற வரைக்கும் நிழல்ல வெச்சு, அப்புறம் நட்டா வேர் விடும். நடுவுல தண்ணி பட்டா அதுவும் அழுகல்தான். வேற செடி இல்ல, இதை விட்டா கதி இல்ல.

வெட்டினேன். பூஞ்சை வராம இருக்க முனையில மஞ்சள் தூள் அப்பினேன். உருண்டு போகாம இருக்க, எதிர்வீட்டு சுசீலா எப்பவோ குடுத்த சிவப்புப் பட்டு நூல் துண்டால கட்டினேன். எறும்பு வராம இருக்க, சுத்தி எறும்புச் சாக்பீஸால ஒரு வட்டம். எங்க வீட்டுல வெயில் படாம காத்தாடற இடம் ஒண்ணே ஒண்ணு, வாசல்ல சாக்கடை மேல போட்ட கல். அங்க வெச்சேன்.

அன்னிக்கு அமாவாசையாம். நான் படிச்ச கான்வென்ட்ல அதெல்லாம் யாரு சொல்லிக்குடுத்தா!

மறுநாள் விடிஞ்சா வாசல்ல கூட்டம்.

சுசீலா வீட்டுல தறி. பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிப் பாவு தயார் பண்ற நாள் அது. வெயில் ஏறறதுக்குள்ள முடிச்சாகணும். பாதி இழுத்துட்டு அத்தனை பேரும் அப்படியே நிக்கறாங்க.

"அக்கா, கிட்ட போவாதீங்க! உங்க வீட்டுக்கு யாரோ செய்வினை வெச்சுக்கிறாங்க!"ன்னா சுசீலா.

"யாரும் வெக்கல. நான்தான் வெச்சேன்."

இந்த ஒரு வாக்கியத்தை நான் சொல்லியிருக்கக் கூடாது. தெருவே ஓரடி பின்னால போச்சு.

"நீங்களா! யாருக்குக்கா?"

"யாருக்கும் இல்லம்மா! அழுகாம இருக்கறதுக்கு!"

"யாரு அழுகாம?"

"செடி!"

"செடிக்கு இன்னாத்துக்கு எங்க வீட்டு நூலு?"ன்னு முன்னால வந்தாங்க சுசீலாவோட மாமியார்.

அந்த நேரம் பார்த்து எங்க வீட்டுக்காரர் பல் தேய்ச்சுக்கிட்டே வெளிய வந்தாரு. அப்பாடா, சாட்சி கிடைச்சாச்சு!

"சார், நீங்களே சொல்லுங்க. இது இன்னா?"ன்னு கூட்டத்துல ஒருத்தர் கேட்டாரு.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. 'யாரும் தொடக்கூடாது, தொட்டா எல்லாம் போச்சு'ன்னு மட்டும் சொன்னா."

இருபது வருஷக் குடித்தனம்!

நான் பூஞ்சை, கிருமின்னு விளக்க ஆரம்பிச்சேன். கோபம் வந்தா எனக்கு இங்கிலீஷ் தானா வந்துடும். வந்துது.

"ஐயோ, மந்திரம் சொல்றாங்கோ!"ன்னு பின்னாலேருந்து ஒரு குரல்.

வெயில் ஏறுது. பாவு நடுத்தெருவுல தொங்குது. மாமியார் விறுவிறுன்னு உள்ள போய் ஒரு குடம் உப்புத்தண்ணியோட வந்தாங்க.

"தண்ணி ஊத்தாதீங்க!"ன்னு அலறினேன்.

"பாத்தியா, எப்படிப் பதறுறா பாரு!"

மொத்தக் குடமும் கவுந்துது. என் கிளைங்க சாக்கடையில மிதந்துகிட்டே ஏகாம்பரநாதர் கோயில் பக்கமா போச்சுங்க. பாவு இழுக்கற வேலை ஜோரா நடந்துது.

சாயந்திரம் பின்பக்கக் கதவை யாரோ மெதுவாத் தட்டினாங்க. சுசீலா! அக்கம்பக்கம் பார்த்துட்டு உள்ள வந்தா.

"காலைல நடந்ததைத் தப்பா எடுத்துக்காதீங்கக்கா. என் ஓரகத்திக்கு ஒண்ணு வெக்கணும். கை காலெல்லாம் நல்லா இருக்கட்டும், பாவம். வாய் மட்டும் அடங்கினா போதும்."

பூஞ்சையைப் பத்தி மறுபடி விளக்கலாம்னு வாயைத் திறந்தேன். மூடிக்கிட்டேன்.

"பண்ணலாம்மா. அதுக்கு ஒரு ஜேட் செடி வேணும். நல்லா பெரிசா, வேரோட, தொட்டியோட வாங்கிட்டு வா"ன்னேன்.