தாய்மாமன் போட்ட நைட் ஷிப்ட்

மடவார் வளாகம்,
ஸ்ரீவில்லிபுத்தூர்.

ராஜபாளையம் மில்லில் ஷிப்ட் சூப்பர்வைசராக உயர்ந்திருக்கும் என் அன்புத் தம்பி ஐயாதுரை அவர்களுக்கு, உடன்பிறந்த அக்காள் பரிபூரணம் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. தேவ கிருபையால் இங்கே நானும், மகன் ஆல்வினும், மருமகள் மாரிசெல்வியும் சுகமே. ஆனால் மூன்று பேரும் ஒரே நேரத்தில் சுகமாக இருந்து நான் பார்த்ததில்லை. அங்கே தாங்களும் குடும்பத்தாரும் சுகமாக இருக்க அனுதினமும் ஜெபிக்கிறேன். போனில் கூப்பிட்டால் "மிஷின் சத்தம்க்கா, ஒண்ணும் கேக்கல"ன்னு வச்சிருதீக. கடுதாசிக்கு அந்தச் சாக்கு செல்லாது என்பதால் எழுதத் துணிந்தேன்.

தம்பி, ஆல்வினுக்குக் கல்யாணம் முடிந்து ஆறு மாசம் ஆகிறது. கோயில்ல வச்சு அவன் விரல்ல தாய்மாமன் மோதிரம் மாட்டிவிட்டது தாங்கள்தான். மறுவாரமே அவனுக்கு நைட் ஷிப்ட்டும், அதே மில்லுல கோன் மிஷின்ல நூல் சுத்துத மாரிசெல்விக்குப் பகல் ஷிப்ட்டும் போட்டது யாரு? அதுவும் தாங்கள்தான். ஓவர்டைமோட சேத்து அவன் ராத்திரி பூரா அங்க, அவ பகல் பூரா அங்க. அவனுக்கு வார லீவு செவ்வாய், அவளுக்கு வெள்ளி; லீவு நாள்லயும் ஒருத்தர் முழிச்சிருந்தா ஒருத்தர் தூக்கம். காலையில மில்லு வேன் வந்து நிக்கும். இவன் எறங்குவான், அவ ஏறுவா. சாயங்காலம் அவ எறங்குவா, இவன் ஏறுவான். அந்த வேன் படிக்கட்டுலதான் எம்மவன் குடும்பம் நடத்துதான்னு வெளிய சொல்ல முடியுமா? டிபன் கேரியரக் கைமாத்துத சாக்குல ரெண்டு வார்த்தை பேசுவாக. டிரைவர் கருத்தையா நல்ல மனுசன். எறங்கிப் போயி காத்து எறங்காத டயர உதைச்சுப் பாத்துக்கிட்டு நிப்பாரு. ஒவ்வொரு டயரா உதைச்சு முடிக்க எம்புட்டு நேரமோ, எம்புள்ளைகளுக்கு அம்புட்டு நேரம்.

ராத்திரி குடும்ப ஜெபத்துக்கு நான் ஒருத்திதான். மருமக உக்காந்தபடியே தூங்கிருதா, பாவம், எழுப்ப மனசு வரல. நானே பாடி, நானே வாசிச்சு, நானே ஆமென் சொல்லிக்கிடுதேன். அப்படி வேதத்த வரிசையா வாசிச்சுக்கிட்டு வரையில, போன வாரம் ஒரு சட்டம் கண்ணுல பட்டுச்சு பாரு, எனக்குத் தூக்கமே போச்சு. புதுசா பொண்டாட்டி கட்டினவனச் சண்டைக்கு அனுப்பாத, வேற எந்தப் பாரத்தையும் அவந்தலையில ஏத்தாத, ஒரு வருசம் வீட்டோட இருந்து அந்தப் புள்ளையச் சந்தோசமா வச்சுக்கிடட்டும்னு போட்டுருக்கு. ஏலே, யாருக்குப் போட்ட சட்டம்னு நெனைக்க? எகிப்துல அடி வாங்கி அடி வாங்கிச் செங்கல் அறுத்தாகளே, அந்தக் கூலிக்காரச் சனத்துக்குப் போட்ட சட்டம். அப்ப நம்மளுக்கும்தான! எதிரி ஈட்டியோட வந்து நிக்கையில கூட ஒரு மாப்பிள்ளைய வீட்டுல விட்டுட்டுப் போக ஏலும்னா, பனியன் நூலுக்கு என்னலே அம்புட்டு அவசரம்?

மொதல்ல ஆல்வினத்தான் எழுப்பிச் சொன்னேன். அவன் ஒரு கண்ண மட்டும் தொறந்து, "ஒரு வருசம்லாம் வேண்டாம்மா, ஒரே ஒரு செவ்வாக்கெழம அவளும் வீட்டுல இருந்தாப் போதும்"னுட்டு மறுபடியும் தூங்கிட்டான். எனக்கு அழுகையா வந்துச்சு. நேரா நம்ம சபைப் போதகர் ஐயரவியகிட்டப் போனேன். அவிய எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டுட்டு, சபையில ஜெபிப்போம்னாக. ஞாயித்துக்கெழம விண்ணப்பம் வாசிக்கையில, "பிரிந்திருக்கும் ஆல்வின், மாரிசெல்வி தம்பதியர் ஒன்றுசேர"ன்னு மைக்குல வாசிச்சுட்டாக! கேட்ட சனம் சும்மா இருக்குமா? சாயங்காலமே சுந்தரபாண்டியத்துலருந்து சம்பந்தகாரக ஆட்டோ நெறைய வந்து எறங்கிட்டாக. "எம்புள்ளைய என்ன செஞ்சீக"ன்னு அவுக அம்மா மாருல அடிச்சுக்கிடுதா. வீட்டுல என்னையும் தூங்குத ஆல்வினையும் தவிர யாருமில்ல. அவன எழுப்பி, "கைநீட்டினியா"ன்னு கேட்டா, அவன் தூக்கக் கலக்கத்துல டிபன் கேரியருக்குக் கைய நீட்டுதான். பொறவு மில்லு வேன் வந்துச்சு. மக சிரிச்சுக்கிட்டே எறங்கி, புருசன்கிட்ட கேரியரக் குடுத்து அனுப்பினதப் பாத்த பெறகுதான் அவுகளுக்கு வெவரம் வெளங்குச்சு. அம்புட்டு நேரம் என்னையத் திட்டின வாய், அடுத்து உன்னையத் திட்ட ஆரம்பிச்சுது. நான் தடுக்கல.

மறுநா கல்யாண ஆல்பத்தைத் தூக்கிக்கிட்டு உங்க மில்லு ஆபீசுக்கே வந்துட்டேன். இவுக புதுசாக் கட்டினவுகதான்னு அத்தாட்சி வேணும்லா? வாச்மேன் இம்மானுவேல் ஆல்பம் பூராவும் பொரட்டி, தான் பந்தியில உக்காந்துருக்க போட்டோவக் கண்டுபிடிச்ச பெறகுதான் உள்ள விட்டாரு. ஆபீஸ்ல இருந்த புள்ள, "அப்படி ஒரு ரூல் இங்க இல்ல ஆச்சி, வேற ரூலுதான் இருக்கு"ன்னுச்சு. ஒரே வீட்டு ஆளுக ரெண்டு பேரு வேலை பாத்தா ஒரே ஷிப்ட்டும் கெடையாது, ஒரே நா லீவும் கெடையாது. வீட்டுல ஒரு சாவு, சடங்குன்னா ரெண்டு மிஷின் சேந்து நின்னுருமாம். யாரு தாயி இந்த ரூலப் போட்ட மகாராசன்னு கேட்டேன். உம்பேரச் சொல்லுச்சு. முட்டி வலி வந்து வேலைய விடுத வரைக்கும் நானும் அந்த மில்லுல கோன் மிஷின்ல நின்னவதான, எங்காலத்துல இந்தக் கூத்து கெடையாதே! மொதலாளி கேக்காமலே நீயா போட்ட சட்டமாமே? ஏலே ஐயாதுரை, நம்ம வீட்டுல சாவு வரும்னு முன்கூட்டியே யோசிச்ச, சந்தோசம். நம்ம வீட்டுல ஒரு சந்தோசம் வரும்னு ஏன்லே யோசிக்கல?

உம்மேல எனக்குக் கோவம் இல்ல. மிஷின் நின்னா அவுக உன்னையத்தான் கேப்பாகன்னு எனக்குத் தெரியாதா? ஆனா மாரிசெல்வி மொகத்தப் பாரு தம்பி. காலையில அவன் வாங்கிக் குடுத்த மல்லியப்பூவத் தலையில வச்சத அவன் பாக்கணும்னு, வாடினாலும் எடுக்காம அப்படியே வேன்ல வந்து எறங்குதா. ஒரு வருசம் குடுக்க உன்னால ஏலாது. ரெண்டு பேரையும் ஒரே ஷிப்ட்ல போடு, லீவ ஒரே நாள்ல குடு. பகலோ ராத்திரியோ, சேந்து போயிச் சேந்து வரட்டும். ஒரு தட்டுல சோத்தப் போட்டு ரெண்டு பேரும் எதுக்க எதுக்க உக்காந்து சாப்பிடுதத நான் கண்ணால பாக்கணும். வேற ஒண்ணும் கேக்கல.

உன் வீட்டுக்காரிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. உன் கையின் பிரயாசத்தைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக, அந்தக் கை இனி போடும் ஷிப்ட்டையும் சேர்த்து.

இப்படிக்கு,
உன் பிரிய அக்காள்,
பரிபூரணம்

பின்குறிப்பு: மேல எழுதுனதெல்லாத்தையும் விட்டுரு. இதக் கவருக்கு மேலயே எழுதுதேன், மில்லு கேட்டு வாசல்ல நின்னு. தபால்ல போடணும்னு இடுப்புல சொருகிக்கிட்டு வாசலுக்கு வந்தேன், வேன் வந்து நின்னுச்சு. ஆல்வின் எறங்கினான். மாரிசெல்வி ஒரு கால படியில வச்சுட்டா. கேரியர ரெண்டு பேரும் பிடிச்சுக்கிட்டு நிக்காக, ரெண்டு பேரும் விடல. கருத்தையா எல்லா டயரையும் உதைச்சு முடிச்சு, என்ன செய்யன்னு தெரியாம மறுபடியும் மொத டயருக்குப் போறாரு. எனக்குப் பொறுக்கலலே. அவ கையப் பிடிச்சுக் கீழ எறக்கிவிட்டு, அவ கழுத்துல கெடந்த ஐடி கார்டக் கழத்தி என் கழுத்துல மாட்டிக்கிட்டு நானே ஏறி உக்காந்துட்டேன். மில்லுக்கு வந்து எறங்கினா, இம்மானுவேல் கார்டுல இருக்க போட்டோவையும் என் மொகத்தையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டு நிக்காரு, விட மாட்டேங்காரு. அவருட்டதான் இதக் குடுத்து விடுதேன். சீக்கிரம் வந்து கேட்டத் தொறக்கச் சொல்லுலே, ஷிப்ட்டுச் சங்கு ஊதப் போறான், என் மருமக மிஷின் நின்னுரப் போகுது.