பச்சை பட்டன்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மக்களுக்குச் சொல்வளம் போதவில்லை என்று அரசு கண்டுபிடித்தது. தண்ணீரும்தான் போதவில்லை, ஆனால் அது வேறு துறை. ஆகவே நரிக்குடிக்கும் திருச்சுழிக்கும் நடுவில் கிடக்கும் எங்கள் வட்டாரத்துக்கு ஒரு வீடியோ கேம் வந்து இறங்கியது.

டி.வி. மாதிரி ஒரு பெட்டி. திரையில் ஒரு சொல்லும் அதன் பொருளும் ஓடி வரும். பொருள் சரியென்றால் பச்சை பட்டன், பொய்யென்றால் சிவப்பு பட்டன். கண் இமைப்பதற்குள் அமுக்க வேண்டும்; போகப்போக வேகம் கூடும். முதலிடம் பெறும் ஊருக்கு அடிகுழாய் போட்டுத் தரப்படும் என்று அறிவித்தார்கள். எங்கள் கண்மாய்க்குள் வெள்ளாடு மேய்ந்த வருஷம் அது.

பொய்ப் பொருள்களை எழுதும் பொறுப்பு திட்ட அலுவலர் மாதவனுடையது. மனிதர் நன்றாகவே எழுதினார். ஆனால் அரசுக் கோப்பில் பொய் எழுதினால் வேலை போய்விடுமே என்று பயந்து, மேலிடத்துக்கு அனுப்பினார். ‘பரிசீலிக்கப்பட்டு ஏற்கப்பட்டது’ என்று முத்திரையோடு திரும்பி வந்தது. மேலிடம் ஏற்றதைப் பொய் என்று சொல்ல யாருக்கு அதிகாரம்? அத்தனையையும் மெய் என்றே பெட்டிக்குள் ஏற்றினார்கள். சிவப்பு பட்டனை மட்டும் கழற்றவில்லை. அதற்குத் தனி உத்தரவு வர வேண்டும்.

எங்கள் ஊர் சார்பாக அழகுத்தாய் மதினி ஆடினாள். அறிவொளி வகுப்பில் எழுத்துக் கற்றவள். பக்கத்து ஊர்த் தோட்டத்து மோட்டாரில் தினமும் ஏச்சு வாங்கிக்கொண்டு தண்ணீர் பிடித்து வருகிறவள். குழாய் வந்தால் அந்த ஏச்சு ஒழியும் என்று வந்திருந்தாள்.

‘கண்மாய்: ஊர்தோறும் நீர் நிறைந்து காணப்படுவது.’ மதினி சிவப்பை அமுக்கினாள். பெட்டி ‘கொய்ங்’ என்று கத்தியது. ‘பஸ்: உரிய நேரத்தில் வரும் வாகனம்.’ சிவப்பு. கொய்ங். ‘டாக்டர்: அரசு ஆஸ்பத்திரியில் எந்நேரமும் இருப்பவர்.’ மதினிக்குச் சிரிப்பே வந்துவிட்டது. சிவப்பு. கொய்ங்.

“சார், கண்மாய்ல தண்ணி கெடந்தா நான் எதுக்கு சார் இங்க வந்து நிக்கிறேன்?”

“ஏம்மா, கேள்வி கண்மாயைப் பத்தி இல்ல. கண்மாய்ங்கிற சொல்லைப் பத்தி” என்றார் பெட்டியருகே நின்ற மாதவன்.

“சொல்லுல தண்ணி இருந்தா கொடத்துல மோந்துக்கிட முடியுமா?”

“இது வேகமான வெளையாட்டும்மா. யோசிக்கக் கூடாது. இன்னொரு வாட்டி ஆடு.”

டீக்கடை வீரணன் மதினியின் காதில் சொன்னார்: “ஏத்தா, கண்ண மூடிக்கிட்டு பச்சையவே அமுக்கு. கொழாய் வரட்டும். அப்புறம் உண்மையப் பேசிக்கிருவோம்.”

மதினி கண்ணை மூடிக்கொண்டாள். பச்சை, பச்சை, பச்சை. முழு மதிப்பெண். எங்கள் ஊர் முதலிடம். விசிலடித்தோம், மாலை போட்டோம்.

“கொழாய் எப்ப சார் வரும்?” என்றாள் மதினி.

மாதவன் வருத்தத்தோடுதான் சொன்னார். “ஊர்தோறும் கண்மாய் நிறைஞ்சிருக்குன்னு நீயே அமுக்கிட்டியேம்மா. உங்க ஊரும் அதுல ஒண்ணுதானே? தண்ணி உள்ள ஊருக்கு அடிகுழாய் போட விதியில எடமில்ல. அடுத்த வருஷமும் முதலிடம் வாங்கிட்டா, சிறப்பு நேர்வாக் கருதிப் பரிசீலிப்பாங்க.”

மதினி அங்கேயே அழுதுவிட்டாள். ஆனால் ஊர் அடுத்த வருஷத்தைப் பிடித்துக்கொண்டது. பயிற்சிக்கென்று பெட்டியைச் சாவடிக்குக் கொண்டுவந்து, ஆண், பெண், பிள்ளை எல்லோரும் பச்சையை அமுக்கிப் பழகினோம்.

கோடையில் பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். வெயிலுக்கு ஒதுங்க, கண்மாய்க்குள் நின்ற கருவேல மர நிழலில் ஜீப்பை நிறுத்தி இறங்கினார். எதிரே காலிக் குடத்தோடு அழகுத்தாய் மதினி; ஜீப்பைப் பார்த்து ஓடிவந்த நாங்கள் அவளைச் சுற்றி.

“என்னம்மா, தண்ணி வசதியெல்லாம் எப்படி?”

மதினி வாயைத் திறந்தாள். “ஏத்தா, சும்மா இரு. ஜெயிக்கப்போற நேரத்துல கெடுத்துப்புடாத” என்று நாங்கள் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினோம்.

கண் இமைப்பதற்குள் ஊரே சொன்னது: “நெறைஞ்சு கெடக்கு சார்!”