அடுத்த வாரம் ஓடப்போகிற வேன்

‘பாத்துச் செய்வோம்’ என்று சொல்லும் மனிதரை உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லாதீர்கள். ஊருக்கு ஒருவராவது உண்டு. இவர் சோம்பேறி அல்ல. சோம்பேறியை மன்னித்துவிடலாம், அவன் செய்யமாட்டேன் என்று படுத்துவிடுகிறான், நாமும் நம் வேலையைப் பார்க்கப் போய்விடலாம். இவர் எப்போதும் செய்யப்போகிறவர். செய்வதற்கு முன் யோசிப்பவர், யோசிப்பதற்கு முன் நாலு பேரிடம் கேட்பவர், கேட்டதற்கெல்லாம் தலையாட்டிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து நிற்பவர். இந்த இனத்தில் முதல் தரமான ஒருவர் எங்கள் தோட்டத்து லயத்தில், எங்களோடு ஒரே வரிசை வீடுகளில் வாழ்கிறார். பெயர் வீரய்யா. அவருடைய வேனை மூன்று வருஷம் தள்ளி, மூன்று தடவையும் இடுப்புப் பிடித்துக் கிடந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

மஸ்கெலியாவிலிருந்து பஸ்ஸில் வந்து பாலத்தடியில் இறங்கி, தேயிலைக்கு நடுவே இருநூற்றுப் பன்னிரண்டு படி ஏறினால் எங்கள் தோட்டத்தின் மேல்பிரிவு. படி வேண்டாம் என்றால் கொங்கிரீட் ரோட்டும் இருக்கிறது. அந்த ரோடு லயத்துக்கு முன்னால் ஒரு துண்டு சமதரையில் வந்து முடிகிறது. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். மேலே வருகிற ஓட்டோவோ லொறியோ அந்தத் துண்டில்தான் திரும்ப வேண்டும். வேறு இடம் கிடையாது. அந்தத் துண்டில்தான் வீரய்யாவின் டொல்பின் வேன் பத்து வருஷம் நின்றது. பின்பக்கமாகவே ஒரு மைல் இறங்க எந்த ஓட்டோக்காரனுக்குப் பைத்தியம்? ஆகவே எங்களுக்கு ரோடு இருந்தது, வாகனம் கிடையாது. அரிசி மூட்டையும் கேஸ் சிலிண்டரும் தோளில் ஏறித்தான் மேலே வந்தன.

கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் இருபது வருஷம் நின்று, கணக்கு முடித்துக்கொண்டு ஊருக்கு வந்தபோது வீரய்யா வாங்கியது அந்த வேன். ஒரே ஒரு சிவனொளிபாத மலை யாத்திரை சீசனுக்கு, மலையடியில் இருக்கிற நல்லதண்ணிக்கு ஆள் ஏற்றி ஓடியது. பிறகு கிளட்ச் போனது. நின்றது. அவ்வளவுதான் அதன் வரலாறு. மீதியெல்லாம் வீரய்யாவின் வரலாறு. காலையில் தேநீர்க் கோப்பையோடு வந்து டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கில் பேப்பரை விரித்து வைத்து ராசிபலன் வரைக்கும் வாசிப்பார். இறங்கும்போது கதவை இரண்டு தரம் பூட்டிப் பார்ப்பார். ஏதோ திருடன் வந்து தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவான் என்பது போல. யாராவது விசாரித்தால் ஒரே பதில்: “எல்லாம் நல்லாத்தான் இருக்குங்க. ஓடல, அவ்வளவுதான்.”

மெக்கானிக் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். ஏன் பார்க்கவில்லை? மஸ்கெலியாவில் கராஜ் வைத்திருக்கும் திலக்ஷன் பாஸ் மூன்று தரம் படியேறி வந்து பார்த்தார். முதல் தரம் வந்தபோது, கிளட்ச் பிளேட் மாற்றினால் போதும், இரண்டு நாள் வேலை என்றார்.

“கிளட்ச்ச மட்டும் மாத்தினா சரியா வருமா?” என்றார் வீரய்யா. “எப்படியும் கழட்டத்தானே போறோம், இஞ்சினையும் ஒருக்கா பாத்துருவோமே.”

ஒரு வருஷம் கழித்து இஞ்சினையும் பார்க்க வந்தார் திலக்ஷன்.

“இஞ்சின் வேல இம்புட்டுக் கெடக்குன்னா, இந்தப் பழசுக்கு அது தேவையான்னும் யோசிக்கணும்ல?” என்றார் வீரய்யா.

“அப்ப வித்துருங்கண்ணே. நோர்வூட்டுல ஒரு மரக்கறி வியாபாரி கேக்குறாரு. வந்து இழுத்துக்கிட்டே போயிருவாரு.”

“விக்கிறதா? வெளிநாட்டு வண்டியே வரவிடாம நிப்பாட்டி வச்சிருக்கான். இந்த மாதிரி ஒண்ணு இனிக் கெடைக்குமா? இப்ப விக்கிறவன் மடையன்.”

பிறகு இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். திலக்ஷன் மூன்றாம் தரம் வந்தார், இப்போதாவது விற்கிறீர்களா என்று கேட்க. இப்போது விலை விழுந்து கிடக்கிறது, இந்த நேரத்தில் விற்கிறவன் அதைவிட மடையன் என்றார் வீரய்யா. செய்யவும் கூடாது, விற்கவும் கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதன் பத்து வருஷம் சௌகரியமாகக் காலை நீட்டி வாழலாம் என்பதை அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். திலக்ஷன் அதற்குப் பிறகு வரவில்லை.

காலநிலைக்கும் அவரிடம் காரணம் உண்டு. மழை மாதங்களில் கேட்டால், ஈரத்தில் பெயின்ட் காயாது. மார்கழியில் சீசன் தொடங்கியதும் கேட்டால், இப்போது கராஜில் கூட்டம், வேலை சுத்தமாக இருக்காது. வைகாசியில் வெசாக் பௌர்ணமியோடு சீசன் முடிந்த பிறகு கேட்டாலோ, சீசன்தான் முடிந்துவிட்டதே, இனி அவசரமாக எடுத்து எங்கே ஓட்டுவது? அப்புறம் மறுபடி மழை. எண்ணெய்க்கு நாடே வரிசையில் நின்ற வருஷத்தில், ஓடாத வேனுக்கும் எண்ணெய்ப் பங்குக்கான கியூ.ஆர். கோட் எடுத்து, அதை லேமினேட் செய்து, முன்கண்ணாடியில் ஒட்டினார். மஸ்கெலியா பெட்ரோல் செட்டில் மூன்று நாளாக வரிசையில் கிடந்து, கண் சிவந்து திரும்பிய ஓட்டோக்காரர்களைப் பார்த்து, “பாத்தீங்களா? ஓட்டாம வச்சிருந்ததுனால நான் தப்பிச்சேன்” என்றும் சொன்னார். அன்றைக்கு அவரை யாரும் அடிக்காதது எங்கள் பிரிவின் பொறுமைக்குச் சான்று.

எல்லாவற்றுக்கும் மேலானது ஆயுத பூஜை. காலையிலேயே வேனைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, நாலு டயருக்கும் அடியில் நாலு எலுமிச்சம்பழம் வைப்பார். ஓடுகிற வண்டி என்றால் ஸ்டார்ட் செய்து ஏற்றி நசுக்கிவிடலாம். ஓடாத வண்டிக்கு? அதற்குத்தான் நாங்கள். என்னோடு சேர்த்து எட்டுப் பேர் மூச்சைப் பிடித்து முன்னால் தள்ளுவோம். வீரய்யா வேட்டி கட்டிக்கொண்டு ஸ்டியரிங்கில் இருப்பார். பழம் நசுங்கும். இவ்வளவு தள்ளியாயிற்று, இன்னும் கொஞ்சம் தள்ளி ஓரமாக விட்டால் ரோடு திறந்துவிடும் என்று நினைத்து நாங்கள் மறுபடி தோளைக் கொடுப்போம். “போதும் போதும்! இப்பப் பின்னால தள்ளுங்க” என்பார். பழைய இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினால்தான் சுண்டல். மூன்று வருஷம் இதைச் செய்தோம். நாலாம் வருஷம் டயர் காற்றில்லாமல் மண்ணோடு உட்கார்ந்து, பிரேக்கும் இறுகிப்போய், வண்டி அசைய மறுத்தது. வீரய்யா கொஞ்சமும் மனம் தளரவில்லை. ஒரு கல்லை எடுத்துப் பழங்களைத் தட்டி நசுக்கி, டயரடியில் சொருகிவிட்டு, கற்பூரம் காட்டினார்.

இதுவரைக்கும் நீங்கள் சிரித்திருக்கலாம். நாங்களும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். போன ஆவணியில் அவருடைய மகள் லோஜினி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்தாள். புருஷன் கொழும்பில் வேலை. மாமியார் வீடு ஹட்டனில், பஸ் நிற்கிற ரோட்டு ஓரத்திலேயே. அங்கேயே இருந்திருக்கலாம். முதல் பிள்ளைக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவதுதானே நம் வழக்கம், அதற்காக வந்தாள். கையில் தட்டோடு வந்த சம்பந்தி வீட்டாரின் முன்னால் வீரய்யா நெஞ்சில் கை வைத்து அறிவித்தார்: “எம் மக ஆஸ்பத்திரிக்கு நம்ம வேன்லதான் போவா.”

அவர் மனைவி நாகலெட்சுமி தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர். அதிகம் பேசமாட்டார். அன்று சம்பந்திகள் போன பிறகு பேசினார்.

“இங்க பாருங்க. அது ஓட வேணாம். நகந்தாப் போதும். ஒரு ஓட்டோ மேல வந்து திரும்புற அளவுக்கு நகத்தி விடுங்க.”

“நகத்துறதுன்னா டயர் மாத்தணும். டயர் மாத்துறதுன்னா பிரேக்கையும் பாக்கணும். அம்புட்டும் பாத்தா, முழுசாவே செஞ்சிரலாமே?”

“செய்யுங்களேன்.”

“செய்வோம். ஏன் பறக்குற? இன்னும் ரெண்டு மாசம் கெடக்குல்ல, பாத்துச் செய்வோம்.”

இரண்டு மாதமும் போனது. ஐப்பசியில் ஒரு காலை, மழை ஊற்றிக்கொண்டிருக்கும்போது, டொக்டர் சொன்ன நாளுக்குச் சில நாள் முன்னமே லோஜினிக்கு வலி கண்டது. வலியோடு இரத்தமும் போகத் தொடங்கியது. அம்புலன்ஸுக்கு அழைத்தோம். அது வந்தது, பாலத்தடியில் வந்து நின்றது. மழையில் அந்த ரோட்டில் ஏறினால் திரும்ப இடமில்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கூட வந்த உதவியாளர் நனைந்துகொண்டே மேலே ஓடிவந்து பெண்ணைப் பார்த்தார். இந்த நிலையில் இவளைப் படியில் தூக்கிக்கொண்டு இறங்க முடியாது, வண்டிதான் மேலே வரவேண்டும் என்றார். வெளியே வந்து வேனைப் பார்த்து, “மேக்க காகெத?” என்று கேட்டார். இது யாருடையது என்று சிங்களத்தில் அவர் கேட்டபோது, லயமே வீரய்யாவைத் திரும்பிப் பார்த்தது.

அந்த நேரத்தில் அந்த மனிதர் என்ன சொன்னார் தெரியுமா? கையில் போனை எடுத்துக்கொண்டு, “கொஞ்சம் பொறுங்க. திலக்ஷனுக்கு ஒரு கோல் எடுத்துக் கேட்டுர்றேன். சும்மா தூக்கினா சேஸி வளஞ்சிரும்” என்றார். உள்ளே மகள் அலறுகிறாள்.

காலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்திருந்த பெண்கள், தலையிலிருந்த கூடையைக் கழற்றி மண்ணில் போட்டார்கள். முதலில் வேனில் கை வைத்தவர் நாகலெட்சுமி. பிறகு யார் யார் வந்தார்கள் என்று எண்ணவில்லை, முப்பது பேருக்குக் குறையாது. ஆளுக்கொரு பக்கம் பிடித்து, ஒரு குரலுக்கு ஒரு தூக்காகத் தூக்கித் தூக்கி, லயத்து வாசலோரம் நாகலெட்சுமி போட்டிருந்த போஞ்சிப் பாத்திக்குள் அதைக் கொண்டுபோய் வைத்தோம். காய்த்திருந்த பாத்தி. “போனாப் போகுது, வைங்க” என்றார் அவர். வீரய்யா எங்களைச் சுற்றிச் சுற்றி ஓடி, “மெதுவா, மெதுவா, பெயின்ட்டு!” என்று கத்திக்கொண்டிருந்தார். பன்னிரண்டு அடி நகர்த்த மூன்று நிமிஷம் ஆனது. அம்புலன்ஸ் மேலே வந்தது, திரும்பியது, லோஜினியை ஏற்றிக்கொண்டு போனது.

பெண் குழந்தை. இரண்டு உயிரும் தப்பின. இன்னும் அரைமணி நேரம் பிந்தியிருந்தால் தாயைக் காப்பாற்றியிருக்க முடியாது என்று டொக்டர் சொன்னதாக நாகலெட்சுமி என்னிடம் சொன்னார். பத்து வருஷம் அந்த வேனைச் சுற்றி நடந்து, சிரித்துவிட்டுப் போனவர்களில் நானும் ஒருவன். வீரய்யாவும் அழுதார், அதை நான் மறுக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்று தேம்பித் தேம்பித்தான் அழுதார். மனிதர் திருந்திவிட்டார் என்று நான் நம்பினேன். நம்பிய என்னையும் நீங்கள் இப்போது கேலி செய்யலாம்.

ஆறாம் நாள் லோஜினி குழந்தையோடு வீட்டுக்கு வந்தாள். பத்து வருஷத்தில் முதல் தடவையாக ஒரு ஓட்டோ எங்கள் லயத்து வாசல் வரைக்கும் ஏறி வந்தது. ஆரத்தித் தட்டோடு நாகலெட்சுமி நின்றார். அப்பா எங்கே? அப்பா போஞ்சிப் பாத்தியில் இருந்தார். நாலு பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு, வேனுக்கு அடியில் பலகை கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், “தம்பி, ஒரு கை குடுங்க” என்றார். “ஈர மண்ணுல நின்னா அடியெல்லாம் துருப்பிடிச்சிரும். பழைய எடத்துலயே கொண்டுபோய் வச்சிருவோம். ஒரு வாரந்தான், திலக்ஷன் வந்துருவான். நீங்க தூக்கினதுல ஆக்ஸில் வளஞ்சிருக்கு, இல்லாட்டி இந்நேரம் ஓடியிருக்கும்.”

நான் இரண்டு கையையும் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டேன். அந்த நாலு பேரும் ஒவ்வொருவராக நழுவினார்கள். லோஜினி ஓட்டோவிலிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். இறங்கவில்லை.

“அம்மா, என் பையை எடுத்துக் குடுங்க. நான் ஹட்டனுக்கே போறேன்.”

“பச்ச ஒடம்புடி. மூணு மாசம் இங்க இருக்கணும்மா.”

“அது மறுபடி இங்க வந்து நின்னா, புள்ளைக்குக் காச்சல்னா நான் எங்கிட்டுப் போவேன்?”

நாகலெட்சுமி பையை எடுத்துக் கொடுத்தார். ஆரத்தியை ஓட்டோவுக்கே சுற்றி ஊற்றினார். ஓட்டோ சமதரையில் அழகாகத் திரும்பி, இறங்கிப் போனது. தலைப்பிரசவத்துக்கு வந்த மகள் ஆறே நாளில் புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்பது எங்கள் பக்கத்தில் சின்ன விஷயம் அல்ல; நாகலெட்சுமி இன்னமும் கொழுந்து எடுக்கிற மலையில் யாருக்கும் முகம் கொடுப்பதில்லை. போய் ஒரு மன்னிப்புக் கேட்டு மகளைக் கூட்டி வாருங்கள் என்று அவர் சொல்லி இரண்டு மாதமாகிறது. வீரய்யா மறுக்கவில்லையே. “கூட்டிட்டு வருவோம். அவசரப்பட்டா காரியம் கெட்டுரும். பாத்துச் செய்வோம்” என்கிறார். பேத்திக்கு இப்போது முகம் பார்த்துச் சிரிக்கத் தெரியுமாம். அந்தச் சிரிப்பை அவர் இன்னும் பார்க்கவில்லை.

நல்ல கதைதான், ஆனால் நம்மிடம் வேன் இல்லை என்று நீங்கள் நிம்மதியாகச் சாய்ந்து உட்காருகிறீர்கள். இருக்கட்டும். வீரய்யாவிடம் கேட்டால் அவருக்கும் தன் வேன் யாருக்கும் இடைஞ்சலாக நின்றதாகத் தெரியாது. வைத்தவருக்கு அது தெரிவதில்லை, சுற்றி நடக்கிறவர்களுக்குத்தான் தெரியும். அதனால் உங்களையே கேட்டுப் பயனில்லை. இன்று வீட்டில் எல்லோரும் இருக்கும்போது, நான் வைத்திருக்கிற எதைச் சுற்றி நீங்களெல்லாம் ஒதுங்கிப் போகிறீர்கள் என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, “அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க” என்று சொன்னால், இருக்கிறது.